கைராசிக்காரி போட்ட முதல் பணம்

எனக்குக் கைராசி இருப்பதாக முதன்முதலில் கிளப்பிவிட்ட ஆள் யாரென்று தெரிந்தால், நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பினாங்கில் நம் ஆட்கள் எங்கே கடை திறந்தாலும் முத்தம்மை ஆச்சியைக் கூப்பிடு என்பார்கள். நான் குளித்து, பட்டுக் கட்டிக்கொண்டு போய், எனக்குத் துளியும் தேவைப்படாத ஒரு பொருளை வாங்கி, பணத்தை முதலாளியின் கையில் வைக்கவேண்டும். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். போணி ஆயிற்று. இப்படி வாங்கி வாங்கி என் அலமாரியில் ஆண்கள் பெல்ட்டு மட்டும் மூன்று கிடக்கிறது. ஓடிய கடைகளுக்கெல்லாம் என் கை காரணம். படுத்த கடைகளுக்கு அவரவர் ஜாதகம் காரணம். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

கைராசிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கழுத்தில் தாலி இருக்கவேண்டும். என் கணவர் சண்முகம் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்புகிறார். விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். தாலியை அறுத்துவிட்டால் ஊருக்குள் உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். கூப்பிடாமல் விட்டால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அறுக்கவில்லை. புருஷனுக்காக இல்லாமல், அடுத்தவர் கடை நன்றாக நடக்கவேண்டும் என்பதற்காகத் தாலி சுமக்கிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணன் பெயர் காசிவிஸ்வநாதன். பர்மா ரோட்டில் பெரிய வீடு. அதில் எனக்கு ஓர் அறை. அறை என்றால், கல்யாண விருந்துக்கு வேண்டிய அண்டா, குண்டான், வாளி எல்லாம் அடுக்கி வைத்த அறை. மீதி இடத்தில் நான். தாழ்ப்பாள் கிடையாது, ஏனென்றால் அண்ணமிண்டிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, எந்த நேரத்திலும் ஒரு கரண்டி தேவைப்படலாம். கப்பல் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தைந்து வயதிலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யாரிடமும் கையேந்திச் சாப்பிடவில்லை. ஆனாலும் புடவை மாற்றும்போது, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று இருமிக்கொண்டே மாற்றவேண்டும். இருமி இருமி எனக்கு ஆஸ்துமா என்று உறவினர்கள் நம்புகிறார்கள்.

போன வருடம் தாசேக் கெலுகோரில் என் அப்பச்சி, அதாவது அப்பா, விட்டுப்போன நிலத்தில் என் பங்கு விற்றுப் பணம் வந்தது. அதையும் ஓய்வுப் பணத்தையும் சேர்த்து ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். விற்றவர் ஓய்வு பெற்ற சீன வாத்தியார். முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியை ஒரு திங்கட்கிழமைக்குள் கட்டவேண்டும், தவறினால் முன்பணமும் போகும், வீடும் போகும். அந்த வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. வாத்தியார் இரண்டையும் பூட்டித் திறந்து காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. விலை தாங்கமுடியாமல் அழுகிறேன் என்று நினைத்து அவர் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனுடைய சங்கம் ஆட்டம் கண்டது.

அண்ணன் சுடர்மணி கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தின் தலைவர். உறுப்பினர்கள் சேமிப்பைப் போடுவார்கள், சங்கம் அதைக் கடனாகக் கொடுத்து, வரும் வட்டியில் அவர்களுக்குப் பங்கு தரும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர்கள், ஜுரு தொழிற்சாலைப் பெண்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சின்ன வியாபாரம் செய்கிறவர்கள், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக் குடும்பங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இருந்தார்கள். வங்கியைவிட வட்டி கூட. அது எப்படிக் கூட என்று ஒருமுறை கேட்டேன். நம் நிர்வாகம் அப்படி என்றார் அண்ணன். அந்த நிர்வாகம் என்னவென்றால், ஜுருவில் பழைய கார் விற்கிற இரண்டு மூன்று பேருக்கு மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுத்தது. கார்கள் விற்கவில்லை. மழையில் நின்று துருப்பிடித்தன.

சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சு. அரசாங்கம் கைகொடுத்தே ஆகவேண்டும் என்பது அண்ணன் கட்சி. பெரிய வங்கிகள் கவிழ்ந்தபோது எந்த நாட்டு அரசாங்கம் வேடிக்கை பார்த்தது, கோட்டுப் போட்டவன் தோற்றால் அது தேசத்தின் பிரச்சினை, பால் வெட்டினவன் காசு போனால் மட்டும் அவன் தலையெழுத்தா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நான் விடமாட்டேன். லாபம் வந்த வருடங்களில் அரசாங்கத்தைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைத்தீர்களா என்பேன். அரசாங்கப் பணம் என்பது யார் பணம், காலை ஐந்து மணிக்கு எழுந்து பேருந்து ஓட்டுகிறவன் கட்டிய வரி, கார்க்காரனுக்கு நீங்கள் கொடுத்ததற்கு அவன் ஏன் அழவேண்டும் என்பேன். இன்றைக்கு உங்களைத் தூக்கிவிட்டால் நாளைக்கு இன்னொரு சங்கம் பயமில்லாமல் விழும் என்பேன். அண்ணமிண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டே, வீட்டில் இரண்டு மந்திரிகள் இருக்கிறார்கள், கறிக்கு உப்புப் போதுமா என்று சொல்லத்தான் ஆளில்லை என்பாள். பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் பணம் ஒரு நல்ல வங்கியில் இருந்தது.

சங்கம் அப்படியே தள்ளாடிக்கொண்டு இன்னும் ஒரு வருடம்கூட ஓடியிருக்கும். அதைத் தள்ளிவிட்டது இராகு காலம்.

சுடர்மணியைத் தொடங்கியவர்கள் எங்கள் செட்டியார்கள். அவர்கள் வைத்த வழக்கம், இராகு காலத்தில் கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. உள்ளே வாங்கலாம், வெளியே கொடுக்கக்கூடாது. எல்லோரும் இதற்குப் பழகியிருந்தார்கள், எதிர்க்கடையில் தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, குடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஏதோ வதந்தியைக் கேட்டு ஜுருவிலிருந்து அரைநாள் விடுப்பில் ஓடிவந்த ஒரு தொழிற்சாலை ஊழியரிடம், கவுண்டரில் இருந்த பெண் வழக்கம்போல இப்போது பணம் தரமுடியாது, நாலரைக்கு வாருங்கள் என்றிருக்கிறாள். நாலரைக்கு அலுவலகத்தையே மூடிவிடுவார்கள். அவர் தன் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துவிட்டார். பெட்டி நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிற படம், இருட்டுவதற்குள் பினாங்கு முழுக்கச் சுற்றி வந்தது. புதன்கிழமை காலையில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. கிரகத்துக்குப் பயந்து ஒரு சங்கத்தையே கவிழ்க்க நம் ஆட்களால்தான் முடியும்.

புதன்கிழமை மாலை சங்கத்தின் மேலாளர் சிவகரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணக்கில் புலி, வாயைத் திறக்கச் சொன்னால்தான் கஷ்டம். அன்றைக்கு அவர் முகம் வெளிறிக் கிடந்தது. கூட்டுறவுகளை மேற்பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஸுல்கிஃப்லி என்று ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறாராம். அரசாங்கத்துக்கு உதவ மனமிருக்கிறது, ஆனால் சொந்த உறுப்பினர்களே கைவிட்டு ஓடுகிற இடத்தில் மக்கள் பணத்தைக் கொட்டமுடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம். பணம் எடுக்கிற இந்த ஓட்டம் நாளைக்கு நின்றால் உதவிக்குப் பரிந்துரை செய்வார். நிற்காவிட்டால் சங்கத்தை மூடி, இருப்பதைப் பிரித்துக் கொடுப்பார்கள். அப்படிப் பிரித்தால் போட்ட ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, இருபது காசு தேறினால் பெரிது என்றார் சிவகரன்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணமிண்டி அடுக்களை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"காலையில நீதான் முதல்ல போடணும், முத்து," என்றார் அண்ணன்.

பத்து வெள்ளி போடுகிறேன் என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஊரே பார்க்கிற மாதிரிப் போடவேண்டும், வெள்ளித் தட்டில் ரொக்கமாக வைத்துக் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்றார். அவருடைய பணமெல்லாம் ஏற்கெனவே சங்கத்துக்குள் கிடந்தது. வெளியே இருந்தது என் பணம் மட்டும்தான். ஒரே நாள், வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாத்தியாருக்குக் கட்டிவிடு என்றார். சிவகரனைப் பார்த்து, நிச்சயமாக எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் முடியாது என்றேன். எனக்கு இருப்பதே அந்த ஒரு பணம், அந்த ஒரு கதவு என்றேன்.

அண்ணன் கோபப்படவில்லை. மெல்லிய குரலில்தான் சொன்னார். "தாசேக் கெலுகோர்ல அப்பச்சி தோட்டத்துல வேல செஞ்சவங்க அத்தன பேரு காசும் சங்கத்துலதான் இருக்கு. அப்பச்சி சொன்னார்னு போட்டாங்க. இப்ப உன் கையில இருக்கிறது அந்த நிலத்துக் காசுதானே."

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று கூடப்பிறந்தவருக்குத் தெரியாதா என்ன. நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணமிண்டி வந்தாள். கரண்டி எதுவும் தேடவில்லை. கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்து, இதை மட்டும் செய்துவிடு, அப்புறம் நீ எங்கே வேண்டுமானாலும் போ, நான் உங்கள் அண்ணனிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். நான் போகவேண்டும் என்று அவளும் இத்தனை வருடமாகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வங்கியில் பணத்தை எடுத்து, அண்ணன் காரில் சங்கத்துக்குப் போனோம். அண்ணன் வங்கி மேலாளரிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தார். கூட்டம் ஐந்தடி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வழிவிட்டார்கள். ஆச்சி வந்துட்டாங்க, ஆச்சி வந்துட்டாங்க என்று பேச்சு வரிசையின் கடைசிவரை போனது. தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து சுவரோரம் குந்தியிருந்தார்கள். அதில் வேலுவைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இப்போது ஒரு கால் சரியாக ஊன்றமுடியாது. என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்து கும்பிட்டார். பணம் எடுக்க வந்தவர் என்னைக் கண்டதும் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கவனித்தேன்.

வாசலில் ஃபஸீலா நின்றாள். பள்ளிவாசல் சாலையில் காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறவள். பதினைந்து வருடமாக என் காலைச் சாப்பாடு அவள் கைப் பொட்டலம்தான். தள்ளுவண்டியிலேயே நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது, பக்கத்தில் ஒரு கடை காலியாகிறது, வாடகைக்கு எடுத்து உள்ளே நாற்காலி போட்டு உட்காரவேண்டும் என்று அதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை முழுநாள் வெயிலில் நின்று தன் பணம் மொத்தத்தையும் எடுத்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இப்போது தோளில் துணிப்பையோடு நிற்கிறாள்.

"எடுத்ததத் திரும்பப் போட வந்துட்டேன்க்கா," என்றாள். "நீங்க கை வக்கிற எடத்துல நமக்கு என்ன பயம்?"

கவுண்டரில் சிவகரனே உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கண்ணாடி அறையில் ஸுல்கிஃப்லி நின்றுகொண்டு பார்த்தார். நல்ல முகம், தூங்காத கண்கள். அண்ணன் எனக்குப் பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் ஊர். கைப்பேசிகள் எல்லாம் என்னைப் பார்த்துத் தூக்கியிருந்தன. நான் வெள்ளித் தட்டைக் கவுண்டரில் வைத்தேன். சிவகரன் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணும் இயந்திரத்தில் போட்டார். அது படபடவென்று ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் குனிந்தபடி, உதடு அசையாமல் பேசினார்.

"ஆச்சி, நாளைக்குக் கதவு திறக்காது. சாயங்காலம் உத்தரவு வருது. எல்லார் பணத்தையும் முடக்கிட்டு அப்புறந்தான் உதவி. எத்தன வருசம்னு எனக்குத் தெரியாது. நேத்து ராத்திரிதான் சொன்னாங்க. நான் இன்னும் முத்திர குத்தல. நீங்க தட்ட எடுத்துட்டுப் போனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றேன்.

இயந்திரம் நின்றது. அவர் அடுத்த கட்டைப் போட்டார். "தெரியும்," என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அந்தத் தட்டைத் தூக்கி அண்ணன் முகத்தில் எறியலாம் போல வந்தது. அப்புறம் பயம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலு எட்டி எட்டிப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மடித்து வைத்த சீட்டுகள் எல்லாம் வெளியே வரும். ஆச்சியே எடுத்துக்கொண்டு போகிறாள் என்று மதியத்துக்குள் கவுண்டரை உடைப்பார்கள். ஸுல்கிஃப்லி தன் பையை மூடுவார். வேலுவுக்கு வெள்ளிக்கு இருபது காசு. தட்டை விட்டுவிட்டுப் போனால் அவர் பணம் பூட்டுக்குள் கிடக்கும், ஆனால் கிடக்கும். என் வீடு போகும்.

விழுகிறவனைத் தூக்கலாமா கூடாதா என்று ஆறு மாதம் ரசத்தோடு சேர்த்துப் பேசியவள் நான். கூடாது என்பதற்கு எத்தனை காரணம் சொன்னேன். ஒரு காரணமும் அப்போது ஞாபகம் வரவில்லை. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவரை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று தெரிந்தது. வாத்தியார் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு பூட்டையும் நான் ஒரு தடவைகூடப் பூட்டிப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

"குத்துங்க," என்றேன்.

சிவகரன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. முத்திரையைக் குத்தினார். கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அண்ணன் என் தோளைத் தொட்டார், நான் தட்டிவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு அடுத்து நின்றவள் ஃபஸீலா. துணிப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அவள் காதருகே குனிந்து, போடாதே, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க போடலாம், நான் போடக் கூடாதாக்கா?"

"சொல்றதக் கேளு. போடாத."

"எதுக்கு?"

காரணத்தைச் சொன்னால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர் காதில் விழும். அவர் சொன்னால் அடுத்தவர் காதில். நான் பணத்தைப் போட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போகும், வேலுவுக்கு மறுபடியும் இருபது காசு. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்ததுதான் நான் செய்தது. அண்ணன் வந்து, ஆச்சி உன்கிட்ட விளையாடுறாங்க ஃபஸீலா, நீ போம்மா என்று சிரித்துக்கொண்டே என் விரல்களைப் பிரித்துவிட்டார். ஃபஸீலா என் கையைத் தூக்கித் தன் பையின்மேல் ஒருமுறை வைத்து எடுத்தாள். அப்புறம் கவுண்டருக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை அப்படியே திரும்பியது. எடுக்க வந்தவர்கள் போட்டார்கள், போட எதுவும் இல்லாதவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். வேலு வேனில் ஏறும்போது எனக்கு இன்னொரு கும்பிடு போட்டார்.

அன்று மாலையே உத்தரவு வந்தது. கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து அரசாங்கம் பணம் போட்டது, சங்கம் பிழைத்தது. யாருடைய சேமிப்பும் ஒரு காசுகூடக் குறையாது என்று உறுதி சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு சின்னத் தொகை எடுத்துக்கொள்ளலாம், மீதிக்கு ஆறு வருடம் பொறுக்கவேண்டும். கார்க்காரர்களிடமிருந்து வசூலிக்க வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஸுல்கிஃப்லி தன் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். அவர் கேட்டது உறுப்பினர்களின் நம்பிக்கை, அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம்.

வாத்தியார் வீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். முன்பணம் போனது போனதுதான்.

அண்ணனிடம் ஒரே ஒரு முறை கேட்டேன், தெரிந்தே என்னை அனுப்பினீர்களா என்று. அவர் மறுக்கவில்லை. தன் பணமும் உள்ளேதான் மாட்டியிருக்கிறது, தான் ஒரு காசு எடுக்கவில்லை என்றார். அது உண்மை. எல்லோரையும் காப்பாற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கையைக் கொடுத்தாகவேண்டும் என்றார். உங்கள் கையைக் கொடுத்திருக்கலாமே என்றேன். என் கைக்கு ராசி இல்லையே என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார். ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் இப்போது மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

ஊரில் என் பெயர் உச்சத்துக்குப் போய்விட்டது. ஆச்சி முதல் பணம் போட்டாங்க, அரசாங்கமே இறங்கி வந்துச்சு என்கிறார்கள். கோயிலில் பார்க்கிற பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். உதறமுடியவில்லை. அவர்கள் பணமும் அங்கே பூட்டிக் கிடக்கிறது, என் கையைப் பிடித்தால் அது வெளியே வரும் என்று அவர்களுக்கு ஒரு தெம்பு.

பள்ளிவாசல் சாலைப் பக்கம் போகாமலே இரண்டு மாதம் தள்ளினேன். அப்புறம் முடியவில்லை, ஒருநாள் காலையில் போனேன். காலியாக இருந்த கடையில் சுற்றுலாக்காரர்களுக்குக் காப்பி விற்கும் பளபளப்பான கடை வந்திருந்தது. அதன் முன்னால் ஃபஸீலா அதே தள்ளுவண்டியில் நின்றிருந்தாள். முழங்காலில் பட்டை சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல, வாங்கக்கா என்றாள். பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்க்கா. அன்னிக்குப் போடாதன்னு சொன்னீங்களே. தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சுதான்," என்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"என் பணத்துக்கு முத்திர குத்துறதுக்கு முன்னாடி."

அவள் வாழையிலையை மடித்தாள். "அப்ப எதுக்குக்கா கைய வச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிவகரன் சொன்னது, வெள்ளிக்கு இருபது காசு, வேலுவின் கால், அப்பச்சியை நம்பிப் போட்டவர்கள், என் ஜெலுத்தோங் வீடு எல்லாம் சொன்னேன். அந்த ஆயிரக்கணக்கான பேரையும் நினைத்துத்தான் பணத்தை அங்கே விட்டேன், இல்லாவிட்டால் மொத்தமும் போயிருக்கும் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் வந்த ஒருவருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடியும் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவளுக்குப் புரிகிறது என்று நினைத்து நான் இன்னும் வேகமாகச் சொன்னேன்.

நான் முடித்தபின் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"அந்த ஆயிரம் பேர்ல நான் இல்லையாக்கா?"

சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். எனக்குப் பின்னால் யாரோ இரண்டு பொட்டலம் கேட்டார்கள், நான் ஓரமாக நகர்ந்து நின்றேன்.